இதய நோய்ச் சிகிச்சையில் இன வேறுபாடுகள்

இதய நோய்ச் சிகிச்சையில் இன வேறுபாடுகள் என்பது, ஒரே வகையான இதய நோய் கொண்டவர்களுக்கு, அவர்கள் சார்ந்த இனம், இனக்குழு அல்லது சமூகத்தைப் பொறுத்துக் கிடைக்கும் சிகிச்சையின் அளவும் தரமும் வேகமும் மாறுபடுவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையில் காணப்பட்ட வேறுபாடுகளை ஒட்டியே இத்துறை ஆய்வுகள் பெரிதும் வளர்ந்தன. இந்தியாவில் இச்சிக்கல் தோல் நிறத்தின் வழியாக அன்றி, பொருளாதார நிலை, வாழிடம், பழங்குடி என்னும் சமூக நிலை ஆகியவற்றின் வழியாக வெளிப்படுகிறது. தமிழ்நாட்டின் வடபகுதியில் அமைந்துள்ள ஜவ்வாது மலை இதனைப் புரிந்து கொள்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். இம்மலையின் மக்கள் மொழியால் சமவெளித் தமிழரிலிருந்து வேறுபட்டவர்கள் அல்லர். எனினும் மாரடைப்பு ஏற்படும்போது அவர்களுக்கும் சமவெளியில் வாழ்வோருக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் ஒன்றாக இருப்பதில்லை.

நோய் வேறுபாடும் சிகிச்சை வேறுபாடும்

இத்துறையில் இரண்டு கேள்விகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒரு மக்கட் கூட்டத்தில் இதய நோய் ஏன் கூடுதலாக அல்லது குறைவாக ஏற்படுகிறது என்பது முதற் கேள்வி. நோய் ஏற்பட்ட பின்னர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவருக்கு உரிய சிகிச்சை கிடைக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கான விடையில் உணவு, புகைத்தல், உடலுழைப்பு, மரபணு ஆகியவற்றுக்கு இடமுண்டு. இரண்டாவது கேள்விக்கான விடை மருத்துவமனை, சாலை, பணம், மருத்துவரின் முடிவு ஆகியவற்றில் தங்கியுள்ளது. சிகிச்சை வேறுபாடு என்று இங்கு குறிப்பிடப்படுவது இரண்டாவதையே ஆகும்.

நோயின் கடுமை, நோயாளியின் வயது, அவருக்குள்ள பிற நோய்கள், அவரது சொந்த விருப்பம் ஆகியவற்றால் சிகிச்சை மாறுபடுவது இயல்பே. இவற்றைக் கழித்த பின்னரும் எஞ்சி நிற்கும் வேறுபாடே ஏற்றத்தாழ்வு எனக் கொள்ளப்படுகிறது.

ஜவ்வாது மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ளது. திருப்பத்தூர் மாவட்டம் 2019 ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. செய்யாறு இம்மலையில் உற்பத்தியாகிறது. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூரும் இம்மலையிலேயே உள்ளது. மலைமேல் உள்ள முதன்மையான ஊர் ஜமுனாமரத்தூர் ஆகும். இதுவே ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். போளூரிலிருந்து மலைச்சாலை வழியாக இவ்வூருக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு உள்ளது.

மலைவாழ் மக்களில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். இப்பெயருக்கும் கேரளத்தின் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளிலேயே இது வழங்குகிறது. இவர்களது தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வேளாளர் என்னும் மரபுக் கதை இவர்களிடம் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஜவ்வாது மலை தவிர, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை, பச்சை மலை முதலியவற்றிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினருள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்களது தொகை ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ஆகும்.

சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிடுதல், புளி, தேன், பலா ஆகியவற்றைச் சேகரித்து விற்றல், கூலி வேலைக்காக வெளியூர்களுக்குச் செல்லுதல் ஆகியவை இங்கு முதன்மையான வாழ்வாதாரங்கள் ஆகும். வீட்டில் உழைப்பவர் ஒருவர் நோயுற்றால், சிகிச்சைக்கான செலவோடு அவரது கூலியும், அவருடன் மருத்துவமனைக்குச் செல்பவரின் கூலியும் இழப்பாகின்றன. சிகிச்சைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாரடைப்பும் காலமும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஒன்றில் இரத்தம் உறைந்து அடைபடுவதால் மாரடைப்பு ஏற்படுகிறது. அடைப்பு முழுமையாக இருந்தால், இரத்தம் கிடைக்காத தசை அரை மணி நேரத்திற்குள்ளேயே இறக்கத் தொடங்குகிறது. அடைப்பை எவ்வளவு விரைவாக நீக்குகிறோமோ அந்த அளவுக்குத் தசை காப்பாற்றப்படுகிறது. இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை.

அடைப்பை நீக்க இரண்டு வழிகள் உள்ளன. உறைந்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்துகளை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவது ஒரு வழி. மெல்லிய குழாயை உட்செலுத்தி, பலூனை விரித்து அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் பொருத்துவது மற்றொரு வழி. இரண்டாவது முறை ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும். உரிய காலத்திற்குள் செய்ய முடிந்தால் இரண்டாவது முறையே சிறந்தது. ஆனால் அதற்குக் கதிர்ப்படக் கருவியுடன் கூடிய சிறப்பு ஆய்வகமும் பயிற்சி பெற்ற குழுவும் தேவை. ஈ.சி.ஜி. மூலம் நோய் உறுதி செய்யப்பட்டதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாது எனத் தெரிந்தால், கட்டி கரைக்கும் மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறியாகும்.

கட்டி கரைக்கும் மருந்தின் பயன் காலத்தோடு எவ்வாறு குறைகிறது என்பதை 1996 இல் லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நோய்க்குறி தோன்றிய முதல் ஒரு மணி நேரத்திற்குள் மருந்து கொடுத்தால் 1,000 நோயாளிகளில் 65 உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டன. இரண்டாவது மணி நேரத்தில் இது 37 ஆகவும், மூன்றாவது மணி நேரத்தில் 26 ஆகவும் குறைந்தது.

இவ்வெண்களை ஜவ்வாது மலையின் நிலவமைப்போடு பொருத்திப் பார்த்தால் சிக்கலின் தன்மை விளங்கும். நெஞ்சு வலி வந்தவர் முதலில் தன் குடியிருப்பிலிருந்து வண்டி செல்லும் சாலையை அடைய வேண்டும். அதன் பின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து மலையிறங்கிப் போளூர், ஆலங்காயம் போன்ற ஊர்களுக்கும், பின்னர் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய நகருக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் நேரம் கழிகிறது. நெஞ்செரிச்சல், வாயுப் பிடிப்பு என்று எண்ணி வீட்டு வைத்தியத்தில் கழியும் தொடக்க நேரமும் இதனுடன் சேர்கிறது. இப்பழக்கம் மலைக்கு மட்டும் உரியதன்று, சமவெளியிலும் உண்டு. ஆனால் சமவெளி நகரத்தில் ஒரு மணி நேரத்தை வீணாக்கியவருக்கு இன்னும் காலம் எஞ்சியிருக்கும். மலையில் இருப்பவருக்கு அது எஞ்சுவதில்லை.

சாலையின்மையால் உயிரிழப்பு நேர்வது இங்கு வெறும் ஊகம் அன்று. 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைய இயலாமல் இறந்தது. உடற்கூறாய்வுக்குப் பின்னர் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் மேலே செல்ல முடியாமல் வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து நடந்தே ஊர் திரும்பினார். பாம்புக்கடியும் மாரடைப்பும் வெவ்வேறானவை. ஆயினும் இரண்டிலும் உயிரைக் காப்பது மருந்து வந்து சேரும் நேரமே ஆகும்.

ஜவ்வாது மலையின் வடக்கே அமைந்துள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் 1900 ஆம் ஆண்டில் சிறு மருத்துவமனையாகத் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்கு 1961 ஆம் ஆண்டிலேயே திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. இந்தியாவில் இச்சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இதய நோயாளிகள் இரயிலேறி வேலூருக்கு வருகின்றனர். இக்கல்லூரியின் சமூக மருத்துவப் பிரிவு ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் மருத்துவப் பணி ஆற்றி வருகிறது. எனவே ஒரு பகுதியில் உயர்தர மருத்துவம் இருப்பதும், அதன் அருகில் வாழும் எல்லோருக்கும் அது உரிய நேரத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இம்மலை தெளிவாகக் காட்டுகிறது.

இந்திய ஆய்வு: ஏழையும் செல்வரும்

இந்தியாவில் மாரடைப்புச் சிகிச்சையின் ஏற்றத்தாழ்வைத் தெளிவாக அளந்த ஆய்வு கிரியேட் பதிவேடு ஆகும். இதன் முடிவுகள் 2008 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயின. 50 நகரங்களின் 89 மருத்துவ மையங்களில் சேர்க்கப்பட்ட 20,468 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். நோயாளிகள் பொருளாதார நிலையின் அடிப்படையில் வகைப்படுத்தப்பட்டனர். தமனி முழுதும் அடைபட்ட வகை மாரடைப்பில், நோய்க்குறி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடைய நோயாளிகள் எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரம் ஆகும். மருத்துவமனையை அடைந்த பின் கட்டி கரைக்கும் மருந்து கொடுக்க ஆன இடைநிலை நேரம் 50 நிமிடங்கள் மட்டுமே. எனவே காலம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியேதான் வீணாகிறது.

ஏழைகளுக்கும் செல்வர்களுக்கும் கிடைத்த சிகிச்சைகள் பின்வருமாறு இருந்தன:

கட்டி கரைக்கும் மருந்து: ஏழைகளில் 52.3 விழுக்காடு, செல்வர்களில் 60.6 விழுக்காடு.

கொழுப்பைக் குறைக்கும் மருந்து: ஏழைகளில் 36.0 விழுக்காடு, செல்வர்களில் 61.2 விழுக்காடு.

ஆஞ்சியோபிளாஸ்டி: ஏழைகளில் 2.0 விழுக்காடு, செல்வர்களில் 15.3 விழுக்காடு.

மாற்றுவழி அறுவைச் சிகிச்சை: ஏழைகளில் 0.7 விழுக்காடு, செல்வர்களில் 7.5 விழுக்காடு.

30 நாட்களுக்குள் இறந்தோர் ஏழைகளில் 8.2 விழுக்காடாகவும், செல்வர்களில் 5.5 விழுக்காடாகவும் இருந்தனர். பெற்ற சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது, இறப்பு விகிதத்தில் இருந்த இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் செல்வரின் இதயத்தைவிட வலுக்குறைந்தது என்பதற்கு இவ்வாய்வில் இடமில்லை. ஏழைக்குக் கிடைக்காமற் போன மருந்தும் சிகிச்சையுமே கூடுதல் இறப்புகளை விளக்கப் போதுமானவையாக இருந்தன. இதுவே இவ்வாய்வின் முதன்மையான முடிவாகும்.

இப்பதிவேட்டில் நோயாளிகள் வகைப்படுத்தப்பட்டது பொருளாதார நிலையால் ஆகும், பழங்குடி என்ற அடிப்படையில் அன்று. மேலும் மருத்துவமனையை அடைந்தவர்கள் மட்டுமே இதில் எண்ணப்பட்டனர். வழியிலேயே இறந்தவர்களும், வீட்டை விட்டுப் புறப்படாதவர்களும் இத்தகைய கணக்குகளில் சேர்வதில்லை. தொலைவான மலைக் கிராமங்களுக்கு இக்குறைபாடு கூடுதலாகப் பொருந்தும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் நோயாளியின் இனம் குறிக்கப்படுவதால், அங்கு இன அடிப்படையிலான ஒப்பீடு எளிதாகிறது. டியூக் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் நோயாளிகளை ஆராய்ந்து 1997 இல் வெளியான ஆய்வு, கறுப்பினத்தவர் ஆஞ்சியோபிளாஸ்டி பெறும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட 13 விழுக்காடும், மாற்றுவழி அறுவைச் சிகிச்சை பெறும் வாய்ப்பு 32 விழுக்காடும் குறைவு எனக் கண்டது. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது.

மருத்துவரின் மனப்பாங்கு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை அறிய 1999 இல் ஓர் ஆய்வு செய்யப்பட்டது. நெஞ்சு வலி உள்ள நோயாளிகளாக நடிகர்கள் நடித்த காணொளிகள் 720 மருத்துவர்களுக்குக் காட்டப்பட்டன. வசனமும் நோய் விவரங்களும் ஒத்திருக்க, நடிப்பவரின் இனமும் பாலும் மட்டும் மாற்றப்பட்டன. கறுப்பினத்தவரும் பெண்களும் ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்குக் குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டனர் என ஆய்வு முடிவு கூறியது. இவர்களுக்கு வாய்ப்பு 40 விழுக்காடு குறைவு என்று செய்தி ஊடகங்கள் எழுதின. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பு ஆண்கள் ஆகிய மூன்று பிரிவினரும் 90.6 விழுக்காடு அளவில் பரிந்துரைக்கப்பட்டிருந்தனர். கறுப்புப் பெண்கள் மட்டுமே 78.8 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். பாகுபாடு இருந்தது உண்மை, ஆனால் அதன் அளவும் இடமும் தவறாகப் பரப்பப்பட்டன. இத்துறையின் புள்ளிவிவரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

ஐக்கிய இராச்சியம்

ஐக்கிய இராச்சியத்தில் மருத்துவச் சேவை அனைவருக்கும் இலவசமாகும். எனினும் இலண்டனில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மாற்றுவழி அறுவைச் சிகிச்சை தேவை எனக் கருதப்பட்டவர்களிலும் தெற்காசியர்கள் வெள்ளையினத்தவரைவிடக் குறைவாகவே அச்சிகிச்சையைப் பெற்றனர் எனக் கண்டது. மருத்துவர்களின் பாகுபாடு இதற்கு விளக்கமாக அமையவில்லை. கட்டணத்தை நீக்குவது மட்டும் வேறுபாட்டை நீக்கிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

மரபணுவின் பங்கு

தெற்காசியர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது என்பது உண்மையாகும். 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் ஒரு பகுதியாக 2007 இல் வெளியான கட்டுரை, முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது தெற்காசியாவில் 53 எனவும், பிற நாடுகளில் ஏறத்தாழ 59 எனவும் காட்டியது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய பொதுவான காரணிகளே இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கின. இவை தடுக்கக்கூடிய, அல்லது மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய காரணிகள் ஆகும்.

மரபணுவுக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இதயத் தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. இம்மாற்றம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகும். இத்தகைய கண்டுபிடிப்பு, யாரை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும் என்று அறிய உதவும். மாரடைப்பு நோயாளிக்கு ஏன் மருந்து கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இனத்தின் அடிப்படையில் மருந்து வழங்கும் முயற்சியும் நடந்துள்ளது. ஐசோசார்பைடு டைநைட்ரேட்டு, ஹைட்ரலசைன் ஆகிய இரண்டு பழைய மருந்துகளை இணைத்த பைடில் என்னும் மாத்திரைக்கு, கறுப்பினத்தவரின் இதயச் செயலிழப்பு நோய்க்காக 2005 இல் ஐக்கிய அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 1,050 கறுப்பின நோயாளிகளிடம் நடத்தி 2004 இல் வெளியிடப்பட்ட சோதனையில், இம்மருந்து பெற்றவர்களில் 6.2 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 10.2 விழுக்காட்டினரும் இறந்தனர். பிற இனத்தவர் சோதனையில் சேர்க்கப்படாததால், இம்மருந்து கறுப்பினத்தவருக்கு மட்டும் உரியது என்று அச்சோதனையைக் கொண்டு கூற இயலாது என விமரிசனம் எழுந்தது. ஒப்புதலுக்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், தகுதியுள்ள கறுப்பின நோயாளிகளில் பெரும்பாலோர் இம்மருந்தைப் பெறவில்லை. இனத்தைப் பெயரில் கொண்ட மருந்தும் அவ்வினத்தவரைச் சென்றடையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பழங்குடியினரும் உயர் இரத்த அழுத்தமும்

மலைவாழ் மக்கள் கடும் உடலுழைப்பாளிகள், ஆகவே அவர்களுக்கு இரத்த அழுத்தம் வராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் பழங்குடியினரிடம் நடத்திய ஆய்வு இதை மறுக்கிறது. வயது வந்த ஆண்களிலும் பெண்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவ்வாறு இருந்தவர்களில் ஆண்களில் 5 விழுக்காட்டினரும், பெண்களில் 9 விழுக்காட்டினரும் மட்டுமே தமக்கு அந்நோய் இருப்பதை முன்னரே அறிந்திருந்தனர்.

அபய் பாங் தலைமையிலான பழங்குடியினர் நலவாழ்வு வல்லுநர் குழு 2018 இல் வெளியான தன் அறிக்கையில் இத்தரவுகளை எடுத்துக்காட்டியது. தொற்றுநோய்களும் ஊட்டக்குறைவும் நீங்காத நிலையிலேயே தொற்றா நோய்களும் பழங்குடியினரைச் சூழ்ந்துள்ளன என்றும், பழங்குடியினருக்கெனத் தனியாகப் பிரித்த நலவாழ்வுத் தரவுகள் போதிய அளவில் இல்லை என்றும் அக்குழு சுட்டிக்காட்டியது. உயர் இரத்த அழுத்தத்திற்கு வெளிப்படையான நோய்க்குறி இல்லை. அளந்து பார்த்தால் ஒழிய அது தெரியாது. அளக்கும் கருவி ஊருக்கு வராத இடத்தில், பக்கவாதமோ மாரடைப்போ அந்நோயின் முதல் அறிவிப்பாக அமைந்துவிடுகிறது.

ருமாட்டிக் இதய நோய்

ஏழ்மையோடு நெருங்கிய தொடர்புடைய மற்றோர் இதய நோய் ருமாட்டிக் இதய நோய் ஆகும். சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கசு நுண்ணுயிரியால் ஏற்படும் தொண்டைப் புண்ணைக் குணப்படுத்தாமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் ஏற்பட்டு இதய வால்வுகள் பழுதடைகின்றன. நெருக்கடியான வீடுகளும் மருத்துவ வசதிக் குறைவும் உள்ள இடங்களில் இது மிகுதியாகும். செல்வ நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் ஆத்திரேலியாவின் முதற்குடி மக்களிடமும், நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் இன்றும் நீடிக்கிறது. ஒரே நாட்டில் ஓர் இனத்தவரிடம் மறைந்த நோய் மற்றோர் இனத்தவரிடம் நீடிப்பது, காரணம் வாழ்நிலையில் உள்ளது என்பதைக் காட்டுகிறது.

நோய் மீண்டும் தாக்காமல் தடுக்க, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சாத்தீன் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்பட வேண்டும். மருந்தின் விலை மிகக் குறைவு. ஆனால் ஊசிக்காக ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டியிருந்தால், மலிவான மருந்தும் எட்டாத மருந்தாகிவிடும்.

தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள்

2008: 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது.

2009: கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைவாக உள்ள குடும்பங்கள் தனியார் மருத்துவமனைகளிலும் இதய அறுவைச் சிகிச்சை பெற வழி ஏற்பட்டது. 2012 முதல் இதற்கு மாற்றாக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

2017: தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ஸ்டெமி ஆய்வின் முடிவுகள் வெளியாயின. பெரிய இதய மருத்துவமனை ஒன்றை மையமாகவும், சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்து 2,420 நோயாளிகளிடம் இம்முறை ஆராயப்பட்டது. நோயாளிக்குச் சிறு மருத்துவமனையிலேயே கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் மையத்திற்கு அனுப்புவது இதன் அடிப்படையாகும். ஆஞ்சியோகிராம் பெற்றவர்கள் 35.0 விழுக்காட்டிலிருந்து 60.8 விழுக்காடாக உயர்ந்தனர். ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர்.

2021: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் இதன் மூலம் வீட்டிற்கே கொண்டு சென்று கொடுக்கப்படுகின்றன.

2023: இதயம் காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதலுதவி மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டன.

இத்திட்டங்களை மலைப் பகுதியின் நோக்கில் மதிப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படும். காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்கிறது. மருத்துவமனையை அடைவதற்குள் கழிந்த நேரத்தை அதனால் ஈடுசெய்ய இயலாது. மையம், கிளை ஆகியவற்றை இணைக்கும் முறையும், துணை சுகாதார நிலையத்திலேயே மாத்திரை வைப்பதும், வீட்டிற்கே மருந்து கொண்டு செல்வதும் சிகிச்சையை நோயாளியை நோக்கி நகர்த்துகின்றன. தொலைவைச் சுருக்க முடியாத இடத்தில் இரண்டாவது வகைத் திட்டங்களே கூடுதல் பயன் தருவன.

நலவாழ்வு நிலையங்களை அமைப்பதற்கான நடுவண் அரசின் நெறிமுறையும் இங்கு குறிப்பிடத்தக்கது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்றும் அது வகுத்துள்ளது. இது மலைவாழ் மக்களுக்கு அளிக்கப்பட்ட சலுகையே ஆயினும், தலைகளை எண்ணும் கணக்காகும். குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில் 20,000 பேர் மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழக்கூடும். மாரடைப்பைப் பொறுத்தவரை, எத்தனை பேருக்கு ஒரு நிலையம் என்பதைவிட, எத்தனை நிமிடங்களில் ஒரு ஈ.சி.ஜி. கருவியையும் கட்டி கரைக்கும் மருந்தையும் அடையலாம் என்பதே பொருத்தமான அளவுகோலாகும். இவ்வளவுகோலின்படி பார்த்தால், ஒரு சாலையும் ஒரு பாலமும் கூட இதய நோய்ச் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஜவ்வாது மலை
மலையாளி (பழங்குடி)
மாரடைப்பு
உயர் இரத்த அழுத்தம்
ருமாட்டிக் காய்ச்சல்
கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்